இன்ஜெக்டர் இரண்டும் நான்கும் கழன்ற விதம்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, வேறொரு கதையில் வேறொருவரை நிதானமாகச் சாகடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கீழே என் அண்ணி "ஐயோ!" என்று கத்தியதும், பொத்தென்று ஏதோ விழுந்ததும், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் போனதும் கேட்டது. செத்துக்கொண்டிருந்தவரை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். அவர் இன்றுவரை சாகவில்லை. நல்ல ஆயுசு.

கீழே நான் பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனும் அண்ணியும் டீசல் மெக்கானிக்குகள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்கள். அதற்கு மேலேயுள்ள அறையில் உட்கார்ந்து நான் கதை எழுதுகிறேன். கீழே என்ஜின் உறுமினால் மேலே என் மேசையில் கண்ணாடித் தம்ளர் நகரும். எந்த வண்டிக்கு எவ்வளவு சீக்கு என்பதைத் தம்ளர் நகரும் தூரத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இதைத் தாண்டி எனக்கு என்ஜினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அண்ணி சொல்வார். உண்மைதான்.

அண்ணிக்கு என் கதைகள் மேல் ஒரு பழைய புகார் உண்டு. "ஆறாம் பக்கம் வந்தா யாராவது செத்துப்போறாங்க. ஏன் நாத்தனாரே, உன் கதையில இருக்கிறவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியே கிடையாதா?"

இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். அப்படிச் சத்தியம் செய்த பிறகுதான் அண்ணி இதை எழுதவே விட்டார்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"வானம் இருண்டிருந்தது. எட்டு ஆண்டுகளாக அந்த இன்ஜெக்டர் தன் துளைக்குள் இறுகிக் கிடந்தது. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று மன்னிக்கவும் முடியாமல், ஒன்றையொன்று விடவும் முடியாமல், மனம் கசந்த கணவனும் மனைவியும் போல"

(வாக்கியம் முடியவில்லை. முடிக்கவும் போவதில்லை. இதுவரை படித்துவிட்டு அண்ணி தாளை மேசையில் வைத்தார். "யாரு அந்தக் கணவனும் மனைவியும்?" என்றார். "பொதுவாச் சொன்னேன் அண்ணி" என்றேன். "பொதுவா இருக்கிறவங்க யாரும் நம்ம ஒர்க்‌ஷாப்புல இல்ல. அப்புறம் வானம் எதுக்கு இருண்டுது? வண்டி ஷெட்டுக்குள்ளதானே நின்னுச்சு?")

இன்ஜெக்டர் என்றால் என்னவென்று தெரியாமலேயே அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அண்ணி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ஒரு சாண் நீளத்துக்கு, நல்ல கனமாக, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மூக்குப்போலக் கூம்பியும் இருந்தது. டீசல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இப்படி ஒன்று, மேலே ஹெட் என்கிற பாகத்தில் ஒரு துளைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மூக்கின் வழியாக டீசலைப் புகைபோலத் தெளிக்கும். அதுதான் அதன் வேலை.

சூடு, ஈரம், கரி எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் அதைத் துளையோடு ஒட்டவைத்துவிடுமாம். பிறகு ஒருநாள் கழற்றவேண்டி வந்தால் வராது. தேன் பாட்டில் மூடி ஒட்டிக்கொள்வது போலத்தான். ஆனால் பாட்டில் உடைந்தால் தேனோடு போயிற்று. இன்ஜெக்டர் உள்ளேயே முறிந்தால் ஹெட்டையே கழற்றி இறக்கவேண்டும். மெக்கானிக் பாடும் திண்டாட்டம், வண்டிக்காரர் பாடும் திண்டாட்டம்.

இப்படி ஆகாமலிருக்கத்தான் மாட்டும்போதே கிரீஸ். சரி, அதையே எழுதுவோம் என்று இரண்டாம் முயற்சி:

"அவள் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி கிரீஸை அள்ளினாள். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல இன்ஜெக்டருக்குத் தலையிலிருந்து கால்வரை"

"நிறுத்து, நிறுத்து!" என்று அண்ணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஒரே வரியில நாலு தப்பு பண்ண உன்னாலதான் முடியும். டப்பாவுல இருக்கிறது சக்கரத்துக்குப் போடறது. இதுல போட்டா வெந்து தார் மாதிரி ஆயிடும், அப்புறம் அதுவே பிடிச்சு வச்சுக்கும். இதுக்குன்னு வெள்ளையா செராமிக் கிரீஸ் ட்யூப்ல வருது, எந்தச் சூட்டையும் தாங்கும். அதையும் ஒரு பிடி அள்ளி அப்பக்கூடாது. விரல் நுனியால மெலிசா ஒரு பூச்சு, உடம்புல மட்டும். மூக்குல படவே கூடாது, தெளிக்கிற ஓட்டை அங்கதான் இருக்கு."*

* துளையைப் பிரஷ் விட்டுச் சுத்தமாகத் தேய்க்கவேண்டும், அடியில் புதுச் செப்பு வாஷர் போடவேண்டும், அதற்குப் பிறகுதான் கிரீஸ். இந்தக் குறிப்பை அண்ணி பக்கத்தில் நின்று எழுதவைத்தார். என் கதையைப் படித்துவிட்டு யாராவது கிரீஸ் மட்டும் தடவிப் பழைய வாஷரையே மாட்டிவிட்டால் அந்தப் பாவம் அவர் தலையில் விடியுமாம். என் வாசகர்களில் இன்ஜெக்டர் மாட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

இங்கே உங்களிடம் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லவேண்டும். என் தொழிலுக்கும் இந்தக் கிரீஸுக்கும் ஆகாது. ஏதாவது ஒன்று இறுகி, சிக்கி, முறிந்தால்தான் எனக்குப் பிழைப்பு. ஒருவர் இன்றைக்கு ஒழுங்காகக் கிரீஸ் தடவுகிறார். எட்டு வருடம் கழித்து வேறு யாரோ ஸ்பேனரை வைத்து அசைக்க, இன்ஜெக்டர் சும்மா கழன்று வருகிறது. அவரும் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறார். இதில் எதை எழுதுவது? "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதி எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது? அண்ணியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"ஒண்ணும் நடக்கலையா?" என்றார் அண்ணி. "நான் விழுந்தது உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

அதுவும் சரிதான். விழுந்த கதைக்கு வருகிறேன். அதற்கு எட்டு வருடம் பின்னால் போகவேண்டும்.

3

எட்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் என் அண்ணனாகத்தான் இருந்தான். அண்ணி இன்னும் அண்ணி ஆகவில்லை. இரண்டு பேரும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார்கள். அண்ணி வாய் ஓயாமல் பேசுவார், எல்லோரோடும் சண்டை போடுவார், சண்டை முடிந்த அடுத்த நிமிஷம் அவர்களோடு டீ குடிப்பார். அண்ணன் வாயில் கொழுக்கட்டை. வீட்டில் எங்களோடு பேசுவதற்கே அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். "குழாயில தண்ணி வரல" என்கிற மாதிரி உருப்படியான காரணம். பக்கத்துப் பக்கத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அப்போது ஒரு சலவைக்கடை வேன் வந்தது. நான்கு இன்ஜெக்டரையும் கழற்றவேண்டும். நான்கும் இறுகிப்போயிருந்தன. அண்ணனும் அண்ணியும் சேர்ந்து இரண்டு முழு நாள் போராடித்தான் வெளியே எடுத்தார்கள். அப்போதும் பேசியதெல்லாம் அண்ணிதான். புதிதாக நான்கை மாட்டும் நேரத்தில் அண்ணி தன் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து அந்த வெள்ளை ட்யூபை எடுத்தார்.

"அது எதுக்கு?" என்றான் அண்ணன். அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை. (காதல் கதைக்கு இது போதாது என்று எனக்கும் தெரியும். குடை, ஓடும் பஸ், கைதவறிய புத்தகம் என்று மூன்று மாற்றுத் தொடக்கங்கள் எழுதிப்பார்த்தேன். "நாங்க பேசினதெல்லாம் இன்ஜெக்டர்தான், குடையைத் தூக்கி ஓரமா வை" என்று அண்ணி அடித்துவிட்டார்.)

"அடுத்த தடவை கழற்றறவன் நம்மைத் திட்டாம இருக்கறதுக்கு" என்றார் அண்ணி.

"துளையைச் சுத்தமா தேய்ச்சு மாட்டினா எதுவும் இறுகாது. இதைப் போட்டா தூசிதான் சேரும்."

"நீ ரெண்டு நாளா இழுத்தியே, அது என்ன?"

"அது சரியா தேய்க்காம மாட்டினது."

இப்படியே சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடியது. கடைசியில் பந்தயம். ஒன்றையும் மூன்றையும் அண்ணி கிரீஸ் பூசி மாட்டவேண்டும். இரண்டையும் நான்கையும் அண்ணன் பூசாமல் மாட்டவேண்டும். என்றைக்காவது இந்த வண்டி மறுபடி இன்ஜெக்டர் வேலைக்கு வரும்போது பார்த்துவிடலாம். அண்ணனுடைய இரண்டும் இறுகியிருந்தால் அண்ணி ஜெயித்தார். அண்ணியுடையதுபோலவே சுலபமாக வந்துவிட்டால் அண்ணன் ஜெயித்தான். தோற்றவர், ஜெயித்தவர் கேட்கும் ஏதாவது ஒன்றை மறுபேச்சு இல்லாமல் செய்யவேண்டும். எண்ணெய்க் கையோடு கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒன்றையும் மூன்றையும் மாட்டிவிட்டு அண்ணி கை கழுவிக்கொண்டு வருவதற்குள், அண்ணன் இரண்டையும் நான்கையும் தனியாக மாட்டி முடித்திருந்தான்.

(வண்டிக்குச் சொந்தக்காரரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. அவர் ஆறாம் பகுதியில் தானே வந்து கேட்பார்.)

அடுத்த நாளிலிருந்து அவர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. "என்ன, உன் ரெண்டும் இப்போ இறுகிட்டிருக்குமா?" "உன்னோடதுல தூசி ரெண்டு கிலோ சேர்ந்திருக்கும்." இரண்டு வருடம் இதே பேச்சு. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து எங்கள் முன்னால் நின்று, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றார்கள்.

கல்யாணமாகிச் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்த பிறகும் கிரீஸ் சண்டை ஓயவில்லை. இன்ஜெக்டர் வேலை எல்லாம் அண்ணியுடையது. அண்ணன் கியர்பாக்ஸ் பக்கம் ஒதுங்கிக்கொண்டான். ஆனால் அண்ணி ட்யூபை எடுக்கும்போதெல்லாம் "தூசி சேரும்" என்று சொல்லாமல் இருக்கமாட்டான். வாடிக்கையாளர்கள் முன்னால் அண்ணி அவனை "வாங்க, போங்க" என்பார். கோபம் தலைக்கேறினால் பழைய ஒர்க்‌ஷாப் காலத்து "வா, போ" வந்துவிடும். கிரீஸ் பேச்சில் அது தினமும் வரும்.

4

இனி இதில் அண்ணிக்கு என்ன பணயம் என்பதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவர் விழுந்ததும் நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

துறைமுகத்தில் கப்பல் என்ஜின் படிப்பு ஒன்று இருக்கிறது. பத்து மாதம், அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். மூன்று வருடமாக அண்ணிக்கு அதன்மேல் கண். "ஒரு பிஸ்டனே என் இடுப்பு உயரம் இருக்கும் நாத்தனாரே! ஒரு இன்ஜெக்டரைத் தூக்க ரெண்டு கை வேணும்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அண்ணன் வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "பார்க்கலாம்" என்பான். மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வேண்டாம்னு சொன்னா சண்டை போட்டுட்டுப் போகலாம்" என்றார் அண்ணி ஒருமுறை என்னிடம். "பார்க்கலாம்னு சொல்ற ஆளை நான் என்ன பண்றது?"

இந்த வருடம் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, என் தம்ளர் நான்கு விரற்கடை நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணி மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"நாத்தனாரே, வந்துடுச்சு!"

"என்ன அண்ணி, துறைமுகத்திலிருந்து கடிதமா?"

"வேன்! அந்தச் சலவைக்கடை வேன்! காலையில ஸ்டார்ட் ஆகலையாம், வெள்ளைப் புகையாம். நாலு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்டுக்கு அனுப்பணும்." என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "உங்கண்ணன் ரெண்டும் அசையாது பாரு. நான் ஜெயிச்சேன், ஒண்ணு கேக்கறேன்னு சொல்லுவேன். மறுபேச்சு பேச முடியாது. பார்க்கலாம்கூடச் சொல்ல முடியாது!"

அண்ணனோ அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி இருந்தான். "அடுத்த வாரம் பார்க்கலாமே" என்றான். "அந்தச் சலவைக்கடைக்காரம்மாவுக்கு வேற ஒர்க்‌ஷாப் பக்கமா இருக்குமே" என்றான். சாப்பிடும்போது தண்ணீர் என்று நினைத்து என் டீயை எடுத்துக் குடித்தான். தோற்கப்போகிற பயம் என்று அண்ணி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பாத்திரங்களைப் பற்றி எனக்கு எப்போதுமே கடைசியாகத்தான் தெரியவரும்.

அண்ணி சகல ஏற்பாடுகளையும் செய்தார். இரண்டு, நான்கு இரண்டையும் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவைத்தார். தெரிந்த இடத்தில் ஸ்லைடு ஹேமர் இரவல் வாங்கினார். அது ஒரு நீளக் கம்பி. அதில் கனமான இரும்புக் குண்டு ஒன்று ஓடும். கம்பியை இன்ஜெக்டர் தலையில் திருகிவிட்டுக் குண்டைப் பின்பக்கம் வீசி இழுத்தால், ஒட்டியது பிய்த்துக்கொண்டு வரும். சலவைக்கடைக்காரம்மாவிடம் "மூணு நாள் ஆகும்மா" என்றும் சொல்லிவைத்தார். அந்தம்மா வண்டியிலிருந்த துணி மூட்டைகளை எல்லாம் இறக்கிப் பின்னால் அடுக்கிவிட்டு, முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் எங்கேயும் நகர்வதாக இல்லை.

வியாழக்கிழமை காலை. ஒன்றாம் இன்ஜெக்டர்: அண்ணி ஸ்பேனரை வைத்து இடமும் வலமும் அசைத்தார், இரண்டு விரலால் தூக்கினார், வந்துவிட்டது. மூன்றும் அப்படியே. கழன்ற இரண்டையும் அண்ணன் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார். "பாத்துக்குங்க. எட்டு வருஷம்!"

அடுத்தது இரண்டு. எந்த இன்ஜெக்டரானாலும் முதலில் ஸ்பேனரால் அசைத்துப் பார்ப்பது அண்ணியின் வழக்கம். அன்றைக்கு அசைத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? அது இறுகியிருக்கிறது என்பது எட்டு வருடமாக அவருக்கு மனப்பாடம். ஸ்லைடு ஹேமரைத் திருகினார். ஒரு காலை வேனின் பம்பரில் முட்டுக்கொடுத்தார். மூச்சை உள்ளே இழுத்து, உடம்பில் இருந்த அவ்வளவு பலத்தையும் திரட்டிக் குண்டை வீசினார்.

"ஐயோ!"

பொத்.

நான் கீழே வந்து பார்த்தபோது அண்ணி துணி மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். வெளுத்த படுக்கைவிரிப்பு ஒன்று அவர் தலைமேல் அவிழ்ந்து விழுந்திருந்தது. வயிற்றின்மேல் ஸ்லைடு ஹேமர். அதன் நுனியில் இரண்டாம் இன்ஜெக்டர், முழுசாக, சேதாரமில்லாமல். அண்ணன் கூரையில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாள் ஆகும்னு சொன்னீங்க?" என்றார் சலவைக்கடைக்காரம்மா.

அண்ணி எழுந்தார். நேரே போய் நான்காவதில் ஸ்பேனரை வைத்து அசைத்தார். அதுவும் இரண்டு விரலுக்கு வந்தது.

5

இங்கே கதையை முடிக்க எனக்குக் கை அரித்தது. எழுதியும் வைத்தேன்:

"அவள் நான்கு இன்ஜெக்டர்களையும் வரிசையாக வைத்தாள். நான்கும் ஒன்றுபோலிருந்தன. நிரப்பாத விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்து"

இல்லை. மடிக்கவில்லை. ஆனால் மடித்துவிடுவார் என்று அந்த நேரத்தில் நான் நிஜமாகவே பயந்தேன். சூடான சைலன்ஸர் கையைச் சுட்டபோதுகூட அண்ணி கலங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் உதடு நடுங்கியது.

"அப்போ போட்டாலும் ஒண்ணுதான், போடலைன்னாலும் ஒண்ணுதானா?" என்றார் மெல்ல. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. எட்டு வருடமாக வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கிரீஸ் பாடம் எடுத்தவர். அதெல்லாம் வீண், பந்தயமும் போச்சு, துறைமுகமும் போச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கதையில் ஆளைச் சாகடிக்கிற எனக்கு!

ஆனால் அண்ணி மெக்கானிக். மனம் உடைந்தாலும் கையில் இருக்கிற பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நிற்காது. இரண்டாம் இன்ஜெக்டரின் உடம்பில் படிந்திருந்த கரியைக் கட்டைவிரலால் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

கரிக்கு அடியில் வெள்ளை.

6

"இது என்ன?" என்றார் அண்ணி.

"எது?" என்றான் அண்ணன், கூரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"வெள்ளையா."

"சோப்புத்தூளா இருக்கும். சலவைக்கடை வண்டிதானே."

"என் சோப்புத்தூள் ஏன்யா என்ஜினுக்குள்ள போகுது?" என்றார் சலவைக்கடைக்காரம்மா.

அண்ணி நான்காவதையும் தேய்த்துப் பார்த்தார். பிறகு நான்கடி எடுத்துவைத்து அண்ணனுக்கு எதிரே போய் நின்றார். "நீ போட்டியா?"

வா, போ வந்துவிட்டது. இனிமேல் அண்ணன் தப்பமுடியாது.

"நீ கை கழுவப் போயிருந்தப்போ" என்றான். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா இந்தம்மா துணி மூட்டையை சைக்கிள்ல வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. நான் பார்த்தேன். மறுபடி அப்படி ஆகறதுக்கு நானே மாட்டி வைக்கணுமான்னு இருந்துச்சு. உன் கோட்டு ஆணியில தொங்கிச்சு. பாக்கெட்டுல இருந்து ட்யூபை எடுத்துப் பூசிட்டுத் திருப்பி வச்சுட்டேன்."

"அப்போ நான் சொன்னது சரின்னு உனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு எட்டு வருஷமா தூசி சேரும், தூசி சேரும்னு உயிரை வாங்கினியே, ஏன்?"

அண்ணன் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாயிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். சலவைக்கடைக்காரம்மா முக்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒத்துக்கிட்டா அன்னைக்கே பந்தயம் முடிஞ்சிருக்கும். முடிஞ்சுட்டா அப்புறம் நீ எங்கிட்ட பேசறதுக்கு என்ன இருக்கு?"

(நான் இதுவரை பன்னிரண்டு காதல் கதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதிலும் இப்படி ஒரு வரி இல்லை. எனக்கு என் அண்ணன்மேல் பொறாமையாக இருந்தது. அதை இங்கேயே பதிவு செய்கிறேன்.)

அண்ணி கையிலிருந்த இன்ஜெக்டரைப் பெஞ்சில் வைத்தார். "இந்த மூணு வருஷமா சொன்ன பார்க்கலாமும் அதுக்குத்தானா?"

"பத்து மாசம்" என்றான் அண்ணன். அவ்வளவுதான் சொன்னான்.

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளர் ஒருவர் மௌனத்தை வைத்திருப்பார். எங்களுக்குச் சலவைக்கடைக்காரம்மா வாய்த்திருந்தார். "ஏன்யா, என் வண்டியை வச்சா பந்தயம் கட்டினீங்க? ரெண்டு இறுகணும், ரெண்டு இறுகக்கூடாதுன்னு? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் எட்டு வருஷமா ஊர்த்துணியை ஏத்திக்கிட்டுப் போறேன்னு நினைச்சேன். உங்க காதலை ஏத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்!" என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். பிடித்து முடித்ததும் ஆர்வம் தாங்காமல் கேட்டார்: "சரி, ஜெயிச்சது யாரு?"

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும்.

"கிரீஸ் போட்டதாலதானே வந்துச்சு? அப்போ ஜெயிச்சது என் கிரீஸ்" என்றார் அண்ணி.

"பேசினது என்ன? என்னோட ரெண்டும் உன்னோடது மாதிரியே வந்துட்டா நான் ஜெயிச்சேன். வந்துச்சா இல்லையா?"

"திருட்டுத்தனமா பூசிட்டு ஜெயிச்சேன்னு சொல்ல வெக்கமா இல்ல?"

"இல்ல" என்றான் அண்ணன். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றதைப் பார்த்தேன். "நான்தான் ஜெயிச்சேன். ஒண்ணு கேக்கறேன். மறுபேச்சு பேசக்கூடாது. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அந்த அப்ளிகேஷனைக் கொண்டுபோய்க் குடு."

நான் கைதட்டிவிட்டேன். சலவைக்கடைக்காரம்மா மூக்கை உறிஞ்சினார். அண்ணி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள்.

"முடியாது" என்றார் அண்ணி.

"என்ன முடியாது?"

"நீ ஜெயிச்சு நான் போகமாட்டேன். நான் ஜெயிச்சுத்தான் போவேன். நான் ஜெயிச்சேன்னு ஒத்துக்க, உடனே போறேன்."

"அது எப்படி? ஜெயிச்சது நான்."

7

முடிவு என்று ஒன்று இருந்தால் இங்கே வரவேண்டும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சண்டை வியாழக்கிழமை முழுக்க நடந்தது. டெஸ்ட் முடிந்து இன்ஜெக்டர்கள் திரும்பி வந்து, நான்கையும் மாட்டும்போதும் நடந்தது. இரண்டுக்கும் நான்குக்கும் அண்ணன் எல்லோர் முன்னிலையிலும் கிரீஸ் பூசினான். "மூக்குல படுது பாரு" என்றார் அண்ணி. "எனக்குத் தெரியும்" என்றான் அவன். சாவியை ஒருமுறை திருப்பியதுமே வேன் கிளம்பியது. என் தம்ளர் அசையவே இல்லை. அண்ணியின் இரண்டு கையும் கரியாகப் பதிந்திருந்த படுக்கைவிரிப்பைச் சலவைக்கடைக்காரம்மா வெளுக்கப்போவதில்லையாம்; மடித்து எடுத்துவைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அண்ணி விண்ணப்பத்தைப் பெஞ்சில் விரித்துவைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். காற்றில் பறக்காமல் அண்ணன் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். "தேதியைத் தப்பாப் போடாதே." "நீ பேசாதே. தோத்தவங்க பேசக்கூடாது." "யாரு தோத்தது?" கையெழுத்துப் போட்டு, அவன் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து, தெருமுனை திரும்பும்வரை அவர்கள் குரல் எனக்குக் கேட்டது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொடுத்துவிட்டார்களாம். கொடுத்த இடத்திலும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவரிடம் நியாயம் கேட்டிருக்கிறார்கள். அவர் ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாராம்.

இடம் கிடைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை காலை அண்ணி கிளம்புகிறார்.

இந்தக் கதைக்கு மூன்று முடிவு எழுதிவைத்திருந்தேன். முதலாவதில் அண்ணி ஜெயிக்கிறார். இரண்டாவதில் அண்ணன். மூன்றாவது சலவைக்கடைக்காரம்மா சொன்னது: வண்டி அவருடையது, அது இறுகாமல் தப்பித்தது, ஆகவே ஜெயித்தது அவர். மூன்றையும் உங்கள் முன்னால் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அப்படிச் செய்தால் எனக்கும் வேலை மிச்சம்.

ஆனால் இன்றைக்குக் காலையில் கீழே போனபோது அண்ணி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ரொம்ப நேரமாகவே அப்படி நிற்கிறான் போலிருந்தது. என்னத்தையோ சொல்ல நினைத்து, வாய் வராமல், கடைசியில் சொன்னான்: "என்ன இருந்தாலும் ஜெயிச்சது நான்தான்."

அண்ணி நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் சிரித்தது. "அதைத் திங்கக்கிழமை ராத்திரி போன்ல பேசறேன், இரு."

ஆகவே முடிவை உங்களிடமே விடுகிறேன், ஒரு நிபந்தனையோடு. யார் ஜெயித்தது என்று உங்களுக்குத் தெள்ளத்தெளிவாகத் தெரிந்துவிட்டாலும், தயவுசெய்து எங்கள் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து சொல்லிவிடாதீர்கள். பத்து மாதம் பொறுங்கள். என் அண்ணனுக்கு வேறு எதுவும் பேசத் தெரியாது.